சரவிளக்கும் மின்மீட்டரும்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுச் சரவிளக்குகளில் எல்.இ.டி. பொருத்தினால் மின்சாரம் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக இணைத்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் எல்லாம், முதல் கேள்வியில் சொல்லப்படும் எட்டுக் கிளை விளக்கையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுக் கிளைகள் கொண்ட பழைய சரவிளக்கு ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு கிளையிலும் மெழுகுவத்தி வடிவிலான 40 வாட் குண்டு பல்பு இருக்கிறது. நாள்தோறும் மாலையில் சுமார் நான்கு மணி நேரம் எரிய விடுகிறோம். எல்.இ.டி.க்கு மாறினால் 90 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று விளம்பரங்களில் வருகிறதே, அது நம்பக்கூடியதுதானா?

பதில்: உங்கள் விளக்கைப் பொறுத்தவரை அந்த எண் ஏறக்குறைய சரிதான். எட்டு பல்புகளும் சேர்ந்து 320 வாட் இழுக்கின்றன. 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் என்பதால் நான்கு மணி நேரத்துக்கு 1.28 யூனிட், ஓர் ஆண்டுக்குச் சுமார் 467 யூனிட் ஆகிறது. அதே அளவு வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 4.5 வாட் போதும் என்பதால் எட்டுக்கும் சேர்த்து 36 வாட்தான். ஆண்டுக்கு 53 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மிச்சம் சுமார் 415 யூனிட், அதாவது 89 சதவீதம். உங்கள் ஊரில் ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டணமோ அதை 415-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட் கட்டணமும் படிப்படியாக ஏறும் முறை நடைமுறையில் இருந்தால், மிச்சமாகும் யூனிட்டுகள் பெரும்பாலும் உச்சப் படியிலிருந்தே கழியும் என்பதால் சராசரிக் கட்டணத்தை விட்டுவிட்டு உச்சக் கட்டணத்தை வைத்துப் பெருக்குவதே பொருத்தம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அந்தச் சூட்டினாலேயே ஒளிர்கிறது. அந்த வெப்பநிலையில் வெளிப்படும் கதிர்வீச்சில் மிகப்பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான். செலுத்திய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக மாறுவதில்லை. எல்.இ.டி.யில் எதையும் சூடேற்றி ஒளிர வைக்கும் வேலை இல்லை. குறைகடத்திச் சில்லு ஒன்று நேரடியாக நீல ஒளியை உமிழ, அதன்மேல் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டபோதிலும், நீலம் கைக்கு எட்டும் வரை அதனால் வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் தர முடியவில்லை.

எல்.இ.டி.யில் சூடே இராது என்று சிலர் சொல்வது மட்டும் சரியல்ல. அதற்குச் செலுத்தும் மின்சாரத்திலும் கணிசமான பகுதி சூடாகவே போகிறது. ஆனால் மொத்தமே நான்கைந்து வாட் என்பதால் அந்தச் சூட்டின் அளவு சிறியது. அது ஒளியோடு முன்னோக்கி வராமல் பல்பின் அடிப்பகுதி வழியாக வெளியேறுகிறது.

ஒரு திருத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘90 சதவீதம்’ என்பது குண்டு பல்போடு ஒப்பிடும்போது மட்டுமே பொருந்தும். உங்கள் கிளைகளில் ஏற்கெனவே 9 வாட் சி.எஃப்.எல். பல்புகள் இருந்திருந்தால் ஆண்டுச் செலவு 105 யூனிட், எல்.இ.டி.க்கு மாறுவதால் கிடைக்கும் மிச்சம் ஏறக்குறைய பாதி, அதாவது 52 யூனிட்தான். 28 வாட் ஹாலஜன் பல்புகளாக இருந்திருந்தால் மிச்சம் சுமார் 275 யூனிட். விளம்பரத்தில் வரும் சதவீதத்தைப் படிப்பதற்கு முன், எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பெட்டியின்மேல் ‘4.5 வாட் – 40 வாட்டுக்கு இணை’ என்று அச்சிட்டிருக்கிறது. வேறொரு பெட்டியில் அதே 40 வாட்டுக்கு இணை என்று 6 வாட் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: வாட் என்பது செலவு, வெளிச்சத்தை அளக்கும் அலகான லூமன் என்பது வரவு. குண்டு பல்புக் காலத்தில் எல்லா பல்புகளும் ஒரே அளவுக்கு வீணாக்கியதால் வாட்டை வைத்தே வெளிச்சத்தை ஊகித்துக்கொண்டோம். அந்தப் பழக்கம் இப்போது உதவாது. 40 வாட் குண்டு பல்புக்கு ஈடாக ஏறத்தாழ 470 லூமனும், 60 வாட்டுக்கு ஈடாக ஏறத்தாழ 800 லூமனும் பெட்டியில் இருக்க வேண்டும். லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 470 லூமனை 4.5 வாட்டில் தரும் பல்பு ஒரு வாட்டுக்கு 104 லூமன் தருகிறது. அதே 470 லூமனுக்கு 6 வாட் எடுத்துக்கொள்ளும் பல்பு 78 லூமன்தான் தருகிறது. குண்டு பல்பு தந்தது வாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு லூமன்தான் என்பதால் இரண்டுமே பெரிய முன்னேற்றம். ஆயினும், எட்டு பல்புகள் மாட்டும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்றரை வாட் வேறுபாடு என்பது மொத்தத்தில் 12 வாட் ஆகிறது.

மின்சாரம்தான் குறைவாயிற்றே என்று 40 வாட்டுக்கு ஈடானவற்றை விட்டு 60 வாட்டுக்கு ஈடானவற்றை எட்டுக் கிளையிலும் மாட்டுகிறவர்கள் உண்டு. மொத்தம் 6,400 லூமனை, அதுவும் கண்ணுக்கு நேரே தெரியும் பல்புகளிலிருந்து, ஒரு சாதாரணக் கூடத்துக்குள் கொட்டினால் கண் கூசும். பிறகு யாரும் அந்த விளக்கைப் போட மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் சரவிளக்கை விருந்தினர் வரும்போது மட்டும்தான் போடுகிறோம். அதில் இருக்கும் குண்டு பல்புகளை இப்போதே கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்ட வேண்டுமா?

பதில்: அவசரமே இல்லை. மாதத்துக்கு ஐந்து மணி நேரம் எரியும் 320 வாட் விளக்கு ஆண்டு முழுவதும் சேர்ந்து 19 யூனிட்தான் செலவழிக்கிறது. அந்தப் பணத்தைத் தினமும் பல மணி நேரம் எரியும் சமையலறை விளக்குக்கோ நடைவழி விளக்குக்கோ முதலில் செலவிடுங்கள். சரவிளக்கில் பல்பு ஒவ்வொன்றாகப் போகும்போது, ஒரு நாள் எட்டையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் நிறமும் பிரகாசமும் கிளைக்குக் கிளை வேறுபட்டுக் கண்ணை உறுத்தும்.

கேள்வி: படிகக் கற்கள் தொங்கும் சரவிளக்கு எங்களுடையது. எல்.இ.டி. பல்புகளை மாட்டிய நாளிலிருந்து கற்களில் இருந்த மினுமினுப்பு போய்விட்டது. கூடமே ஏதோ அலுவலகம் போல் வெளிறித் தெரிகிறது. மின்சாரம் மிச்சமானாலும் பரவாயில்லை என்று பழைய பல்புகளையே மாட்டிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

பதில்: பழைய பல்புகளுக்குத் திரும்ப வேண்டாம். குறை எல்.இ.டி.யில் இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில்தான் இருக்கிறது. இந்தக் காரணத்தால் எல்.இ.டி.யைக் கைவிடுகிறவர்கள் மிகப் பலர் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

படிகக் கல் தானாக ஒளிர்வதில்லை. ஒரு சிறிய புள்ளியிலிருந்து வரும் ஒளி அதன் பட்டைகளில் பட்டு, உடைந்து, நிறம் பிரிந்து, வெவ்வேறு கோணங்களில் கூர்மையான பொறிகளாகத் தெறிப்பதைத்தான் மினுமினுப்பு என்கிறோம். குண்டு பல்பின் தெளிந்த கண்ணாடிக்குள் இருந்த இழை அப்படியொரு நுண்ணிய ஒளிமூலம். நீங்கள் மாட்டியவை பெரும்பாலும் பால்வெள்ளை மூடி கொண்ட பல்புகளாக இருக்கும். மூடி முழுவதுமே ஒளிரும்போது ஒளிமூலம் பெரிதாகி, எல்லாத் திசையிலிருந்தும் மெத்தென்ற வெளிச்சம் கற்களின்மேல் விழுகிறது. மேகம் மூடிய நாளில் நிழல்கள் மங்குவது போலப் பொறிகளும் மங்கிவிடுகின்றன. இதற்கு மாற்று, தெளிந்த கண்ணாடிக்குள் இழை போன்ற வடிவில் எல்.இ.டி. சில்லுகளை வரிசையாகக் கோத்திருக்கும் ‘ஃபிலமென்ட்’ வகைப் பல்பு. மெல்லிய குச்சி ஒன்றின்மேல் பல சிறு சில்லுகளை அடுக்கி, பாஸ்பர் பூசியிருப்பார்கள். சூட்டைக் கண்ணாடிக்குக் கடத்துவதற்காகப் பல்புக்குள் பெரும்பாலும் ஹீலியம் போன்ற வாயு நிரப்பப்பட்டிருக்கும். பால்வெள்ளை மூடி உறிஞ்சும் ஒளி இதில் வீணாவதில்லை என்பதாலும், ஒளி ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் பரவுவதாலும், மினுமினுப்பு திரும்புவதோடு அதே வாட்டுக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சமும் கிடைப்பது வழக்கம்.

வெளிறித் தெரிவதற்குக் காரணம் நிற வெப்பநிலை. பெட்டியில் ‘கே’ அல்லது கெல்வின் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். குண்டு பல்பின் மஞ்சள் கலந்த வெளிச்சம் ஏறத்தாழ 2,700 கெல்வின். 4,000 என்பது நடுத்தர வெள்ளை; 6,500 என்பது நீலம் கலந்த பகல் வெள்ளை. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையாகத்தான் இருக்கும். கூடத்துச் சரவிளக்குக்கு 2,700, மிஞ்சினால் 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெள்ளைதான் மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்தும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒரே தரத்தில் செய்யப்பட்ட பல்புகளில் பகல் வெள்ளைக்கு வாட்டுக்குச் சில லூமன்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். 36 வாட்டில் ஓரிரு வாட்டை மிச்சப்படுத்துவதற்காக ஒரு கூடத்தின் முகத்தையே மாற்றிக்கொள்வது எனக்கு ஒப்பாத பேரம்.

நிறங்கள் உயிர்ப்போடு தெரிய வேண்டுமென்றால் சி.ஆர்.ஐ. என்னும் நிறம் காட்டும் குறியெண் 90-க்கு மேல் இருக்கும்படி வாங்குங்கள். குண்டு பல்புக்கு இது 100. 80 உள்ள சாதாரண எல்.இ.டி.யில் சிவப்பு சற்றுச் செத்துத் தெரியும். 90 தரும் பல்புகள் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் எடுக்கும். எட்டு பல்புக்கும் சேர்ந்தாலும் ஒரு சில வாட்டுக்குமேல் போகாது.

கேள்வி: சரவிளக்குக்கு டிம்மர் வைத்திருக்கிறோம். எல்.இ.டி. மாட்டிய பிறகு, வெளிச்சத்தைக் குறைத்தால் பல்புகள் துடிக்கின்றன, மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. டிம்மரை எடுத்துவிடலாமா? எல்.இ.டி.யில் டிம்மரால் மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மிச்சமாகும், அதுவும் குண்டு பல்பைவிட நேர்மையாக. குண்டு பல்பைப் பாதி வாட்டுக்கு இறக்கினால் இழை குளிர்ந்துவிடுவதால் வெளிச்சம் ஏறத்தாழ கால்பங்காகச் சரிந்துவிடும். ஆக, மங்கலாக எரியும் குண்டு பல்பு, முழுதாக எரியும் குண்டு பல்பைவிட ஊதாரி. எல்.இ.டி.யில் மின்சாரம் பாதியானால் வெளிச்சமும் ஏறத்தாழ பாதியாகவே இருக்கும். நம் கண்ணின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. வெளிச்சத்தைக் கால்பங்காகக் குறைத்தாலும் அது பாதியளவுக்குக் குறைந்ததாகவே நமக்குப் படும். உரையாடிக்கொண்டு அமர்ந்திருக்கும் நேரங்களில் 36 வாட் விளக்கைப் பத்து வாட்டளவில் எரிய விட்டால் ஒருவருக்கும் குறை தெரியாது. ஆனால் இந்த மிச்சம் 26 வாட். பல்பை மாற்றியதால் வந்த மிச்சம் 284 வாட் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், டிம்மரை மின்சிக்கனத்துக்காக வாங்குவதைவிட, அதன் இதத்துக்காக வாங்கிச் சிக்கனத்தைக் கூடுதல் பலனாகக் கருதுவதே முறை.

இனித் துடிப்புக்கு வருவோம். உங்கள் டிம்மர் குண்டு பல்புக் காலத்தது. அதன்மேல் குறைந்தபட்சச் சுமை என்று 40 அல்லது 60 வாட் குறிக்கப்பட்டிருக்கும். முன்பு 320 வாட் இருந்த இடத்தில் இப்போது 36 வாட்தான் இருப்பதால், அது நிலையாக இயங்கத் தேவையான மின்னோட்டம் கிடைப்பதில்லை. எல்.இ.டி.க்கென்றே வரும், மின்னலையின் பின்விளிம்பை வெட்டும் (‘டிரெய்லிங் எட்ஜ்’) வகை டிம்மரை எலெக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றுங்கள். பல்புகளின் பெட்டியில் ‘டிம்மருக்கு ஏற்றது’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதாத பல்பை டிம்மரில் மாட்டினால் அதனுள் இருக்கும் மின்சுற்று கெட்டுவிடக்கூடும். எட்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். வெவ்வேறு தயாரிப்புகள் வெவ்வேறு புள்ளியில் அணையும் என்பதால், இறக்கிக்கொண்டே வரும்போது மூன்று கிளை அணைந்து ஐந்து கிளை எரியும் வேடிக்கையைப் பார்க்க நேரிடும்.

குண்டு பல்பு மங்கும்போது செம்மஞ்சளாக மாறும், சாதாரண எல்.இ.டி. அதே நிறத்தில் மங்கும் என்பதால் சிலருக்கு அது சாம்பல் பூத்தது போல் தோன்றும். மங்கும்போது நிறமும் செம்மையாகும்படி செய்யப்பட்ட பல்புகள் தனியாகக் கிடைக்கின்றன.

கேள்வி: ரிமோட்டிலும் கைபேசியிலும் இயக்கக்கூடிய ‘ஸ்மார்ட்’ பல்புகளைச் சரவிளக்கில் மாட்டினால், தேவையில்லாதபோது தானாக அணைத்து இன்னும் மிச்சப்படுத்தலாம் அல்லவா?

பதில்: சரவிளக்கில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. கட்டளைக்காகக் காத்திருக்கும் ஸ்மார்ட் பல்பு, அணைந்திருக்கும்போதும் அரை வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மேசை விளக்கில் இது பொருட்டல்ல. எட்டுக் கிளையில் எட்டு பல்பு என்றால் 4 வாட். அணைந்திருக்கும் 20 மணி நேரத்துக்குத் தினமும் 80 வாட்-மணி. ஆண்டுக்கு 29 யூனிட். எரிவதற்கே ஆண்டுக்கு 53 யூனிட்தான் ஆகும்போது, எரியாமல் இருப்பதற்கு அதில் பாதிக்குமேல் செலவாகிறது! கிளைகள் பதினாறு, இருபத்துநான்கு என்று கூடினால் இதுவும் அதே அளவில் பெருகும்.

கைபேசியில் இயக்கியே ஆக வேண்டுமென்றால் கிளைகளில் சாதாரண எல்.இ.டி. பல்புகளை மாட்டிவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் ஸ்மார்ட் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது விழித்திருக்கும் கருவி ஒன்றுதான். ஒவ்வொரு கிளையும் தனித்தனி நிறத்தில் எரிய வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்களுக்கு இதில் இழப்பு ஏதுமில்லை.

கேள்வி: பல்புகளின் சூடு குறைவதால் ஏ.சி.யின் மின்செலவும் குறையும் என்கிறார்களே?

பதில்: குறையும். அறைக்குள் எரியும் 320 வாட் விளக்கு, கடைசியில் 320 வாட் ஹீட்டர்தான். வெளிச்சமாக வருவதும் சுவரில் பட்டுச் சூடாகவே முடிகிறது. எல்.இ.டி.க்கு மாறியதால் 284 வாட் சூடு குறைகிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு மூன்று வாட் சூட்டை வெளியேற்றும் ஏ.சி.யாக இருந்தால், விளக்கும் ஏ.சி.யும் சேர்ந்து இயங்கும் நேரங்களில் அதன் சுமை சுமார் 95 வாட் தணியும். குளிர்ப்பிரதேசங்களில் இதே தர்க்கம் எதிர்ப்பக்கம் திரும்பும். பழைய பல்புகள் தந்த சூட்டை ஹீட்டர் ஈடுசெய்ய வேண்டியிருக்கும் என்பதால், குளிர்காலத்தில் நிகர மிச்சம் சற்றுக் குறையும். ஆனாலும், கூரைக்கு அருகில் சூட்டைத் தேக்கிவைக்கும் பல்பை யாரும் நல்ல ஹீட்டர் என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: புது வீட்டுக்குச் சரவிளக்கு வாங்கப் போகிறோம். பல்பு மாட்டும் ஹோல்டர் உள்ள விளக்கை வாங்குவதா, எல்.இ.டி. உள்ளேயே பதிக்கப்பட்ட வளைய வடிவ விளக்கை வாங்குவதா? பிந்தையது 25,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதியிருக்கிறது.

பதில்: தினமும் நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,460 மணி நேரம், 25,000 மணி நேரம் என்பது பதினேழு ஆண்டு. எண் உண்மையாக இருக்கலாம், ஆனால் அது எதன் ஆயுள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாக அந்த எண் எல்.இ.டி. சில்லின் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான காலத்தைக் குறிக்கும். சில்லுகள் அவ்வளவு எளிதில் அணைந்துபோவதில்லை. முதலில் கைவிடுவது பெரும்பாலும் அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர்தான். டிரைவருக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. கூரையோடு ஒட்டியிருக்கும் கிண்ணத்துக்குள் காற்றோட்டமின்றி டிரைவரை அடைத்துவைக்கும் விளக்குகளில் இதுவே பலவீனமான இடம்.

பதிக்கப்பட்ட வகைக்கு நன்மைகளும் உண்டு. எட்டு பல்புக்குள் எட்டுச் சிறு டிரைவர்கள் இருப்பதைவிட, நன்றாகச் செய்யப்பட்ட ஒரே டிரைவர் மின்சாரத்தைக் குறைவாகவே வீணாக்கும். உலோகச் சட்டமே சூட்டை வாங்கிக்கொள்ளும். பல்பு வடிவத்துக்குக் கட்டுப்படாத அழகிய வளைவுகளும் கிடைக்கும். இருந்தாலும், பெரும்பாலான வீடுகளுக்கு ஹோல்டர் உள்ள விளக்கையே பரிந்துரைப்பேன். பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றலாம். பதிக்கப்பட்டதில் டிரைவருக்கு மாற்று கிடைக்காவிட்டால் விளக்கு முழுவதையும் இறக்கிக் குப்பையில் போட வேண்டியதாகிவிடும். அப்படிப் போடும்போது அதுவரை சேர்ந்த மின்சார மிச்சத்தில் பெரும்பகுதி புது விளக்கு வாங்குவதிலேயே கரைந்துபோகும். வளைய விளக்குதான் பிடித்திருக்கிறது என்றால், டிரைவரைத் தனியாகக் கழற்ற முடியுமா, அதன்மேல் வெளியீட்டு மின்னோட்டம் எத்தனை மில்லி ஆம்பியர், மின்னழுத்தம் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் விளக்கை மாட்டும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் வேறு நிறுவனத்தின் டிரைவரைக்கூடப் பொருத்த வழி இருக்கும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்புகள் இருட்டில் மங்கலாக ஒளிர்கின்றன. மின்சாரம் வீணாகிறதா?

பதில்: வீணாவது மிக அற்பம். சுவிட்சில் இருக்கும் சிறு அடையாள விளக்கின் வழியாகவோ, நீளமாக அருகருகே ஓடும் கம்பிகளுக்கிடையிலான தூண்டலாலோ கசியும் நுண்ணிய மின்சாரமே எல்.இ.டி.யை ஒளிர வைத்துவிடும். ஆனால் சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தாலும் இப்படி நேரும். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும் என்பதால், பல்பு மாற்றுகிறவர் உயிருக்கே ஆபத்து. எலெக்ட்ரீசியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் சரவிளக்கை எரிய விடலாமா?

பதில்: குண்டு பல்புகளோடு என்றால் வேண்டாம், எல்.இ.டி.யோடு என்றால் தாராளமாக. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. அதில் இழப்புகள் போக 1,300 வரை பயன்பட்டால், 320 வாட் விளக்கு நான்கு மணி நேரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். 36 வாட் விளக்கு மட்டும் எரிந்தால், இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்வதைக் கழித்த பின்பும், ஒரு முழு நாள் அளவுக்குத் தாங்கும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். சிறிய எல்.இ.டி. பல்புகளின் திறன்காரணி, அதாவது பவர் ஃபேக்டர் (இழுக்கும் வோல்ட்-ஆம்பியரில், அதாவது வி.ஏ.வில், உண்மையாகச் செலவாகும் வாட்டின் பங்கு), 0.5 அளவில்கூட இருக்கும். அப்படியானால் 36 வாட் விளக்கு இன்வெர்ட்டரின் கொள்திறனில் 72 வி.ஏ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான வீட்டு மீட்டர்கள் உண்மையான வாட் செலவை மட்டுமே அளப்பதால் மின்கட்டணத்தில் இதற்குப் பாதிப்பு இல்லை.

கேள்வி: சரவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றி, கூடத்தையும் புதுப்பித்தோம். ஆனால் மின்கட்டணம் குறைந்ததாகவே தெரியவில்லையே, ஏன்?

பதில்: எட்டுக் கிளை விளக்கில் மாதத்துக்கு மிச்சமாவது சுமார் 35 யூனிட். மாதம் 400 யூனிட் செலவாகும் வீட்டில் இது ஒன்பது சதவீதம்கூட இல்லை. ஏ.சி.யோ ஹீட்டரோ சில நாட்கள் கூடுதலாக ஓடினாலே இது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

‘கூடத்தையும் புதுப்பித்தோம்’ என்று எழுதியிருப்பதால் இன்னொரு சந்தேகமும் எழுகிறது. பொய்க்கூரை அமைத்து, அதன் ஓரங்களில் எல்.இ.டி. பட்டை விளக்கு ஓட்டியிருக்கிறீர்களா? பட்டையின் சுருளில் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கும். மீட்டருக்கு 10 வாட் உள்ள பட்டையைக் கூடத்தைச் சுற்றி 20 மீட்டர் ஓட்டினால் 200 வாட் ஆகிறது; தினமும் நான்கு மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 292 யூனிட். சரவிளக்கில் மிச்சமான 415 யூனிட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அதே கூரையில் ஒளிந்திருக்கும் பட்டை தின்றுவிடுகிறது. எல்.இ.டி.தானே, எரிந்தால் என்ன என்ற எண்ணத்தில் விளக்குகளின் எண்ணிக்கையும் எரியும் நேரமும் கூடுவது, மலிவாகக் கிடைக்கும் எதிலும் நடப்பதுதான். பட்டைக்குத் தனி சுவிட்ச் வைத்து, சரவிளக்கு எரியும்போது அதை அணைத்து வைத்தாலே போதும்.

படிப்பதற்காகக் கூடம் முழுவதையும் ஒளிர வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். உயரத்தில் தொங்கும் விளக்கிலிருந்து புத்தகத்துக்கு வந்துசேரும் வெளிச்சம், தூரத்தின் காரணமாக வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நாற்காலிக்கு அருகில் ஒரு 5 வாட் விளக்கு இருந்தால், 36 வாட் சரவிளக்கைவிட நன்றாகவே படிக்க முடியும்.

கேள்வி: இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கும் சரவிளக்கில் தூசி படிந்து வெளிச்சம் குறைந்திருக்கிறது. கூடுதல் லூமன் உள்ள பல்புகளை மாட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் துடையுங்கள், பல்பை மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம். தூசி படிந்த பல்பும் கற்களும் ஒளியை விழுங்கிவிடுவதால், நீங்கள் கட்டணம் செலுத்தும் லூமன்களில் ஒரு பகுதி கீழே வராமலே போகிறது. பல்பு மாற்ற வேண்டிய நாளில் விளக்கையும் துடைத்துவிடுவது என்று குண்டு பல்புக் காலத்தில் ஒரு வழக்கம் தானாகவே அமைந்திருந்தது. ஆயிரம் மணி நேரமே உழைக்கும் எட்டு பல்புகளுக்கு, ஆண்டில் சுமார் பன்னிரண்டு முறை ஏணி வைக்க வேண்டியிருந்ததே! எல்.இ.டி.யில் பல ஆண்டுகளுக்கு ஏணியின் தேவையே எழாததால், துடைப்பதும் மறந்துபோகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சுத்தம் செய்யும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். விளக்கின்மேல் நேரடியாகத் தெளித்தால் ஹோல்டருக்குள் இறங்கி, டிரைவர் வரை போய்விடும். இவ்வளவு உயரத்துக்கு ஏணியை நம்பாமல், சாரம் கட்டித் தரும் ஆளையோ, விளக்கையே கீழிறக்கும் மோட்டார் பொருத்தித் தருகிறவர்களையோ அணுகுங்கள்.